1493-இன் படப்புத்தகம்: ஜெர்மானியருக்கு 'நாம்' என்று சொல்லிக்கொடுத்தது ஓவியமா?

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10.20

மூன்று இரவுகளாக ஒரே புத்தகத்தைத் திரையில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நியூரம்பெர்க் நகரத்து மருத்துவர் ஹார்ட்மான் ஷேடல் தொகுத்த உலக வரலாறு. லத்தீன் பதிப்பு 1493 ஜூலை 12-இல் வந்தது. கியோர்க் ஆல்ட் மொழிபெயர்த்த ஜெர்மன் பதிப்பு அதே ஆண்டு டிசம்பர் 23-இல் வந்தது. உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி அவர்கள் காலம் வரை ஆறு யுகங்கள், அதன்பின் உலக முடிவுக்கு ஏழாவது. மொத்தம் 1,809 படங்கள். மிகாயேல் வோல்கெமுட்டும் வில்ஹெல்ம் பிளைடன்வுர்ஃபும் நடத்திய பட்டறையில் செதுக்கிய மரக்கட்டைகள். சிறுவன் ஆல்பிரெக்ட் டூரர் 1486 முதல் 1489 வரை தொழில் பழகியது அந்தப் பட்டறையில்தான். அச்சிட்ட ஆன்டன் கோபெர்கர் டூரருக்கு ஞானத்தந்தை.

எனக்குத் தோன்றுவதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 'நாம் ஜெர்மானியர்' என்ற நினைப்பை உருவாக்கியதில் இந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. சிற்றரசுகள், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள், சுதந்திர நகரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே பேரரசர். இப்படிச் சிதறிக் கிடந்தவர்களுக்கு இந்தப் புத்தகம் இரட்டைப் பக்கத்தில் ஒரு படம் போட்டுக் காட்டுகிறது. நடுவில் பேரரசர், பக்கத்தில் அவரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு இளவரசர்கள், கீழே வரிசை வரிசையாகப் பிரபுக்கள், நகரங்களின் பிரதிநிதிகள். சட்ட நூலில் நூறு பக்கம் படித்தாலும் பிடிபடாத ஒரு அமைப்பை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

அப்புறம் நியூரம்பெர்க் நகரத்தின் படம். எழுத்துக்கு இடமே விடாமல் இரண்டு பக்கம் முழுவதும் அதுதான். கோட்டை, மதில், செபால்ட் தேவாலயம், லோரன்ஸ் தேவாலயம், கோபுரங்களில் பெயர்கூட எழுதியிருக்கிறது. ஆனால் தமாஸ்கஸ், ஃபெராரா, மிலான், மாந்துவா நான்குக்கும் ஒரே கட்டையை அச்சடித்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! தன் ஊருக்கு அவ்வளவு கவனம், பிற ஊருக்கு ஏதோ ஒரு ஊர். 'நாம்' என்பது இப்படித்தானே உருவாகும்?

புத்தகத்தின் கடைசியில் வட ஐரோப்பாவும் நடு ஐரோப்பாவும் சேர்ந்த ஒரு வரைபடம் உண்டு. அச்சுக்கலை பிறந்தது ஜெர்மன் நாட்டு மைன்ஸ் நகரத்தில் என்று பெருமையோடு சொல்லும் பத்தியும் உண்டு. இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

செந்தாழை | வெள்ளி, இரவு 11.45

வைகைக்கரை, ஆர்வம் புரிகிறது. ஆனால் பின்னால் வந்த ஜெர்மன் தேசியத்தை 1493-க்குள் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் யார் படித்தார்கள் என்று பார்ப்போம். லத்தீன் படிகள் ஏறத்தாழ 1,400 முதல் 1,500 வரை, ஜெர்மன் படிகள் 700 முதல் 1,000 வரை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது ஜெர்மன் மொழியில் வந்ததைவிட லத்தீனில் வந்தது அதிகம். ஜெர்மானியரை ஒன்று சேர்க்க நினைப்பவர் இதைத் தலைகீழாகத்தானே செய்திருப்பார்? இத்தாலி, பிரான்ஸ் சந்தைக்கும் போக வேண்டிய சரக்கு இது. செபால்ட் ஷ்ரையர், செபாஸ்டியன் கம்மர்மைஸ்டர் என்ற இரண்டு பணக்காரர்கள் முதல் போட்டார்கள். ஓவியர்களோடு 1491 டிசம்பரிலும் அச்சகத்தோடு 1492 மார்ச்சிலும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். 1509-இல் கணக்கு முடித்தபோது 500-க்கும் மேற்பட்ட லத்தீன் படிகள் விற்காமல் கிடந்தன.

இரண்டாவது, உள்ளடக்கம். ஷேடல் பெரும்பகுதியை எடுத்தது பெர்காமோ ஊர்த் துறவி ஃபொரெஸ்டி எழுதிய வரலாற்றிலிருந்து. ஐரோப்பா பற்றிய பகுதிகள் பிற்காலத்தில் போப் ஆன ஏனியாஸ் சில்வியுஸ் பிக்கொலொமினி எழுதியவை. இருவரும் இத்தாலியர். ஆதாம், நோவா, தாவீது, கிறிஸ்து, போப்பாண்டவர்கள் என்று போகும் கதை இது. இந்தப் புத்தகத்தில் 'நாம்' என்று ஒருவர் இருந்தால் அவர் கிறிஸ்தவர். ஜெர்மானியர் இல்லை.

மூன்றாவது, உங்களுக்கு நீங்களே எதிராக வைத்த சான்று. 1,809 படங்களுக்குக் கட்டைகள் 645 மட்டுமே. ஊர்கள் மட்டும் திரும்ப வரவில்லை. ஒரே முகம் ஒரு பக்கத்தில் ஞானி, இன்னொரு பக்கத்தில் மன்னர். ஆளையே அடையாளம் காட்டாத படம் ஒரு இனத்துக்கு எப்படி அடையாளம் கொடுக்கும்?

பழைய_ட்ரெடில் | சனி, காலை 6.10

படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பது வருடம் லெட்டர் பிரஸ் வைத்திருந்தவன். ட்ரெடில் மெஷின், ஈய எழுத்து, கம்பாசிட்டர் ஸ்டிக், எல்லாம் கையால் பழகியது. கட்டையைப் பற்றி மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை.

என்னிடம் ஒரு பிள்ளையார் ப்ளாக் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் தலையில் அதே பிள்ளையார்தான். முருகன் ப்ளாக் ஒன்று. அது பழனி முருகனா சுவாமிமலை முருகனா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவரவர் ஊர்க் கோயில் பெயரைக் கீழே கோத்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் கண்ணுக்கு அது அவர்கள் ஊர் முருகன். நோட்டீஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். படம் வேறு ஊருக்கும் போயிருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

அதனால் செந்தாழை சொல்வதுபோல, திரும்ப வரும் படத்துக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது. கீழே உள்ள பெயர்தான் அந்தப் படத்தை வேலை செய்ய வைக்கிறது. வைகைக்கரை சொல்வதுபோல, ஒரே கட்டையைப் போட்டால் அந்த ஊர்களை மட்டமாக நினைத்தார்கள் என்றும் ஆகாது. நல்ல ஊர்ப் படம் ஒன்று செதுக்கி முடிப்பது எவ்வளவு வேலை தெரியுமா? எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாற வேண்டும். கோடு மட்டும் மேடாக நிற்க, மற்றதையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். கை ஒரு இடத்தில் வழுக்கினால் கோபுரம் போச்சு.

இன்னொன்று. நியூரம்பெர்க் படத்தின் வலது கீழ் மூலையில், மதிலுக்கு வெளியே ஆற்றோரம் பாருங்கள். சில கட்டடங்கள் தெரியும். அது காகித ஆலை. உல்மான் ஸ்ட்ரோமர் 1390-இல் தொடங்கியது, ஜெர்மன் நாட்டில் முதல் காகித ஆலை. இரண்டு பக்கத்தில் ஊரையே அடக்க வேண்டிய நேரத்தில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வைகைக்கரை | சனி, காலை 9.30

ஐயா, இந்தக் காகித ஆலை என் கண்ணில் படவே இல்லை. இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றி.

ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. நல்ல ஊர்ப் படம் செதுக்குவது அவ்வளவு வேலை என்றால், எந்த ஊருக்காக அந்த வேலையைச் செய்தார்கள் என்பது முக்கியம் இல்லையா? உண்மையான தோற்றத்தோடு வரும் ஊர்கள் ஏறத்தாழ முப்பது. நியூரம்பெர்க், ஆக்ஸ்பூர்க், பாம்பெர்க், உல்ம், ஸ்ட்ராஸ்பூர்க், கொலோன், வியன்னா என்று பெரும்பாலும் ஜெர்மன் பேசும் நகரங்கள். 1493-க்கு முன் ஆக்ஸ்பூர்க்கில் இருந்த ஒரு வியாபாரி தன் ஊரையும் கொலோனையும் ஒரே தாள்கட்டுக்குள் எங்கே பார்த்திருப்பான்?

செந்தாழை | சனி, பகல் 1.15

அதே பட்டியலில் ரோம், வெனிஸ், ஃப்ளாரன்ஸ் மூன்றையும் சேருங்கள். அவையும் உண்மைத் தோற்றத்தோடுதான் வருகின்றன. காரணம் எளிது. வெனிஸ் நகரக் காட்சி 1486-இல் மைன்ஸில் வந்த ஒரு யாத்திரைப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பார்த்து வரைய மாதிரி கிடைத்த ஊரை அப்படியே வரைந்தார்கள், கிடைக்காத ஊருக்குக் கையில் இருந்த கட்டையைப் போட்டார்கள். பட்டறைக்குப் பக்கத்து ஊர்களின் மாதிரி எளிதாகக் கிடைத்திருக்கும். இதில் இனப் பெருமையைத் தேடுவது நாமாக ஏற்றிச் சொல்வது.

கான்ராட் செல்டிஸைக் கவனியுங்கள். பேரரசர் கையால் கவிஞர் பட்டம் வாங்கியவர். 1492-இல் இங்கோல்ஸ்டாட்டில் நின்று, ஜெர்மானிய இளைஞர்களே, உங்கள் பழம்பெருமையை மீட்டெடுங்கள் என்ற பொருளில் முழங்கியவர். 1493 நவம்பரில் ஷ்ரையர் இவரோடு ஒரு ஒப்பந்தம் போடுகிறார். எதற்கு? இந்தப் புத்தகத்தைத் திருத்தி, ஐரோப்பா பகுதியைப் புதிதாக எழுதித் தர. ஜெர்மன் பதிப்பு இன்னும் அச்சாகி முடியவில்லை, அதற்குள் மறுபதிப்புக்குத் திருத்தம்! முதல் போட்டவருக்கே புத்தகம் போதுமானதாகப் படவில்லை என்றுதானே பொருள்? அந்தத் திருத்திய பதிப்பு வரவே இல்லை. ஜெர்மன் அடையாளத்துக்குக் கருவியாக இருந்திருக்கக்கூடிய புத்தகம் அதுதான்.

படம் போட்ட வரலாற்றுப் புத்தகம் ஒரு மக்களை எப்படி மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போவோம். ஜான் ஃபாக்ஸ் எழுதி ஜான் டே 1563-இல் அச்சிட்ட தியாகிகளின் வரலாறு. ராணி மேரி ஆட்சியில் 1555 முதல் 1558 வரை புராட்டஸ்டன்ட் நம்பிக்கைக்காக எரிக்கப்பட்டவர்கள் 280-க்கும் மேல். ஆக்ஸ்ஃபோர்டில் 1555 அக்டோபர் 16-இல் புராட்டஸ்டன்ட் ஆயர்கள் லாட்டிமரும் ரிட்லியும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டு எரிக்கப்படும் காட்சியெல்லாம் பெரிய படமாக வருகிறது. 1570 பதிப்பில் நூறு படத்துக்கு மேல். அதைவிட முக்கியம், 1571-இல் திருச்சபைப் பேரவை ஒவ்வொரு பேராலயத்திலும் ஒரு படி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கோவிலுக்கு வருபவர் எவரும் பார்க்கலாம். படத்துக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது, அதனால் அது வேலை செய்தது. ஷேடலின் புத்தகத்துக்குப் பின்னால் யார் நின்றார்கள்? வியாபாரிகள்.

அந்த ஃபாக்ஸ் விஷயத்திலும் அவசரப்பட முடியாது. 'கடவுள் தேர்ந்தெடுத்த இங்கிலாந்து' என்ற நினைப்பு அந்தப் புத்தகத்தில் பிறந்தது என்று வில்லியம் ஹாலர் என்ற ஆய்வாளர் 1963-இல் எழுதினார். பிறகு வந்தவர்கள், ஃபாக்ஸ் பேசியது உலகம் முழுவதும் துன்புற்ற திருச்சபையைப் பற்றி, இங்கிலாந்தைப் பற்றி அல்ல என்று காட்டினார்கள். புத்தகம் சொன்னது ஒன்று, வாசித்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. எனக்கு ஷேடலை 1493-இல் வாசித்த ஒருவரைக் காட்டுங்கள், ஒரே ஒருவர் போதும், அதன் பிறகு பேசலாம்.

வடக்குவீதி | சனி, இரவு 8.50

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இப்ப நியூரம்பெர்க்கில் இருக்கிறேன், பதினேழு வருசமாகிறது. நீங்கள் எல்லாரும் இந்த ஊரின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். நீங்கள் பார்த்த பக்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் யாரும் தொடாத பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரின் நடுவில் பெரிய சந்தைத் திடல் இருக்கிறது. மார்கழியில் நத்தார் சந்தை போடுகிற இடம். அதன் ஒரு பக்கத்தில் ஃபிராவன்கிர்ஹே என்ற மாதா கோவில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேலே உள்ள கடிகாரத்தில் பேரரசர் நான்காம் கார்ல் உட்கார்ந்திருக்க, ஏழு இளவரசர்கள் அவரைச் சுற்றி வருவார்கள். வைகைக்கரை சொன்ன அதே பேரரசர், அதே எழுவர். சனம் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும். அந்தக் கோவில் நிற்கிற இடம் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடம். 1349 டிசம்பரில் 500-க்கும் மேற்பட்ட யூதர்களை இந்த ஊரில் கொன்றார்கள். அவர்களின் தெருவை இடித்துச் சந்தையாக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தவர் அந்தக் கடிகாரத்தில் இருக்கிற அதே கார்ல்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். யூதர்கள் தீயில் எரிகிற ஒரு கட்டை அதில் இருக்கிறது. குழிக்குள் நெருப்பு, நெருப்புக்கு மேலே முகங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று விறகு போடுகிறார். அந்தக் கட்டை ஒரு தரம் மட்டும் வரவில்லை. வேறு வேறு ஆண்டுகள், வேறு வேறு ஊர்கள், அதே நெருப்பு, அதே முகங்கள். பழைய ட்ரெடில் ஐயா சொன்ன பிள்ளையார் ப்ளாக்கை வாசித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. கீழே பெயரை மாற்றினால் போதும்.

இன்னொரு படம், திரென்ட் நகரத்துச் சீமோன். 1475-இல் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று செத்துக் கிடக்க, யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று குற்றம் சாட்டி, சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்து, கொன்றார்கள். முழுப் பொய். 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையே அந்தப் பிள்ளைக்கு நடந்த வழிபாட்டை நீக்கிவிட்டது. ஆனால் 1493-இல் இந்தப் புத்தகம் அதைப் பெரிய படமாகப் போட்டிருக்கிறது. இந்தப் படத்துக்கென்றே புதிதாகச் செதுக்கிய கட்டை. சுற்றி நிற்கிற யூதர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு மேலே பெயர் எழுதியிருக்கிறது.

செந்தாழை கேட்டீர்கள், ஆளை அடையாளம் காட்டாத படம் எப்படி அடையாளம் கொடுக்கும் என்று. மன்னருக்கும் ஞானிக்கும் ஒரே முகத்தைப் போட்ட பட்டறை இந்த ஆட்களுக்கு மட்டும் ஒவ்வொரு பெயராகச் செதுக்கியிருக்கிறது. அந்தப் புத்தகத்தின் 'நாம்' யார் என்று தெரிய வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். யார் உள்ளே என்று வரைவதற்கு அவர்களுக்கு அவ்வளவு கவனம் தேவைப்படவில்லை. யார் வெளியே என்பதில்தான் கவனம் முழுவதும் போயிருக்கிறது.

புத்தகம் வந்து ஆறு ஆண்டுகளுக்குள், 1499-இல், நியூரம்பெர்க்கில் மிச்சமிருந்த யூதர்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். திரும்ப ஒரு யூதர் இந்த ஊரில் குடியுரிமை பெற்றது 1850-இல். நாட்டைவிட்டு வந்து இந்த ஊரில் பதிந்து அட்டை வாங்கியவன் நான். அந்த 351 வருசத்தை என்னால் வெறும் கணக்காகப் பார்க்க முடியவில்லை.

செந்தாழை | ஞாயிறு, காலை 7.40

வடக்குவீதி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். சீமோன் படத்தில் உள்ள பெயர்களை நான் கவனித்ததில்லை. அது என் மூன்றாவது வாதத்தை உடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1349 கொலைகள் புத்தகத்துக்கு 144 ஆண்டுகள் முன்னால் நடந்தவை. அப்போது அச்சே இல்லை. 1499 வெளியேற்றம் நகர மன்றம் பேரரசர் மாக்சிமிலியனிடம் கேட்டு 1498-இல் வாங்கிய ஆணையால் நடந்தது. அதில் யூதர்களின் வீடுகளும் அவர்களிடம் வாங்கிய கடன்களும் சம்பந்தப்பட்டிருந்தன. படம் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும். அப்படியானால் படம் அடையாளத்தை உருவாக்கியதா, ஏற்கெனவே இருந்த வெறுப்பைப் பதிவு செய்ததா? நாம் இங்கே விவாதிப்பது உருவாக்கியதா என்பதைத்தான்.

வடக்குவீதி | ஞாயிறு, பகல் 12.05

தவறாக எடுக்கவில்லை. ஆனால் 'பதிவு செய்தது' என்கிற சொல்லை என்னால் ஏற்க முடியாது.

திரென்ட் ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே இருக்கிற ஊர். நியூரம்பெர்க்கில் இருந்த ஒரு தச்சனோ ரொட்டிக்காரனோ அங்கே போயிருக்க மாட்டான். அவன் பக்கத்து வீட்டு யூதனை அவனுக்குத் தெரியும், கடன் வாங்கியிருப்பான், சண்டை போட்டிருப்பான். அது ஒரு ஆளோடு இருக்கிற பகை. திரென்ட்டில் நடந்ததாகச் சொல்கிற ஒரு பொய்யை அவன் ஊரின் பெயரோடு வருகிற, படைப்பு முதல் எல்லாம் அடங்கிய, பெரிய தோல்கட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் காட்டும்போது, அந்த ஒரு ஆளோடு இருந்த பகை உலக வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆதாமும் நோவாவும் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை இதுவும் என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே இருந்ததை எடுத்து நிரந்தரமாக்கிக் கொடுத்ததும் உருவாக்கியதுதான்.

பழைய_ட்ரெடில் | ஞாயிறு, மாலை 5.30

தம்பி வடக்குவீதி சொன்னதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நானும் காசு வாங்கிக்கொண்டு என்னென்னவோ அடித்திருக்கிறேன். தேர்தல் நேரத்தில் வந்த நோட்டீஸ் சிலவற்றை இப்போது நினைத்தால் கம்பாசிட்டரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது. சரி, அது என் கணக்கு.

செந்தாழை ஒரே ஒரு வாசகரைக் காட்டச் சொன்னீர்கள். பெயர் தெரிந்தவரைத் தேட வேண்டாம், பேனாவைத் தேடுங்கள். இந்தப் புத்தகத்தில் போப்பாண்டவர்கள் வரிசையில் ஜோன் என்று ஒரு பெண் போப் வருகிறார், கையில் குழந்தையோடு. அது வெறும் கதைதான், ஆனால் ஷேடல் போட்டிருக்கிறார். இப்போது உலகில் மிஞ்சியிருக்கும் படிகளில் பலவற்றில் யாரோ அந்தப் படத்தையோ பத்தியையோ மையால் அடித்திருக்கிறார்கள். ஒரு கத்தோலிக்கர் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'எங்கள் வரிசையில் இவள் இல்லை' என்று கோபத்தோடு கோடு போட்டிருக்கிறார். அவர் உங்கள் வாசகர். எங்கள் என்ற சொல் அவர் மனதில் இல்லாமல் அந்தக் கோடு விழுந்திருக்காது.

இன்னும் ஒன்று. ஆறாம் யுகம் முடிந்து ஏழாம் யுகம் தொடங்குவதற்கு முன் சில வெற்றுத் தாள்கள் விட்டிருக்கிறார்கள். மீதி வரலாற்றை வாங்கியவரே எழுதிக்கொள்ளட்டும் என்று! தாள் விலை அதிகமாக இருந்த காலத்தில், படிக்கு இத்தனை தாள் என்று கணக்குப் பார்த்துப் பார்த்து அடித்த அச்சகம் வெற்றுத் தாளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அச்சுக்கு முன் கையால் எழுதிப் பார்த்த மாதிரிப் பிரதிகள் லத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் இன்னும் நியூரம்பெர்க்கில் இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டை என்று முன்பே கோடு போட்டுத் திட்டமிட்டவர்கள் இவர்கள். வெற்றுத் தாள் தற்செயலாக வந்ததாக இருக்காது.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.55

இன்று முழுவதும் இதே நினைப்பு. என் முதல் பதிவில் நான் பேரரசர் படத்தைப் பார்த்தேன், ஊர்ப் படத்தைப் பார்த்தேன், வடக்குவீதி சொன்ன பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். மூன்று இரவு புரட்டியும் அவை கண்ணில் நிற்கவில்லை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது.

அதனால் இன்று முதலிலிருந்து பக்கம் விடாமல் பார்த்தேன். பன்னிரண்டாம் தாளிலேயே நாமும் இருக்கிறோம். உலக வரைபடத்தை ஒட்டி விசித்திர மனிதர்களின் வரிசை. ஒற்றைக் காலைக் குடையாகப் பிடிப்பவன், நெஞ்சில் முகம் உள்ளவன். முதலில் நாய்த்தலை மனிதன். இந்தியாவில் நாய்த்தலையோடு மனிதர்கள் உண்டு, குரைத்துப் பேசுவார்கள், விலங்குத் தோலை உடுத்துவார்கள் என்று ஷேடல் எழுதுகிறார். ஆதாரம் பிளினி, அகஸ்டின், இசிடோர் என்று போடுகிறார்.

பிளினி! அதே ரோமானியர், 'இயற்கை வரலாறு' என்ற அதே நூலின் ஆறாம் பகுதியில் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் மோதுரா என்ற நகரத்தில் பாண்டியன் ஆள்கிறான் என்று எழுதியிருக்கிறார். மோதுரா எங்கள் ஊர் மதுரை. மிளகு விலைகூட அந்த நூலில் இருக்கிறது. மதுரையும் நாய்த்தலையும் ஒரே நூலில் இருக்க, நியூரம்பெர்க் பட்டறை செதுக்க எடுத்தது நாய்த்தலையை. படம் போடுவதற்கு அதுதான் ஏற்றது. பாண்டியனை எப்படி வரைவார்கள்? இன்னொரு மன்னர் முகத்தைத்தான் அச்சடித்திருப்பார்கள்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குகிறார். இந்தப் புத்தகம் வந்து ஐந்தே ஆண்டுகள். வந்தவர்களில் யாரும் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவின் படித்த வீடுகளில் இந்தியாவின் படமாக அலமாரியில் இருந்தது குரைக்கிற ஒரு மனிதன்.

வடக்குவீதி சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பது இவ்வளவுதான்: பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் பெயர் சொல்லி வெளியே தள்ளியது, கண்ணால் காணாதவரை உடம்பையே மாற்றி வெளியே தள்ளியது. இரண்டும் ஒரே பட்டறையின் உளி.

செந்தாழை | திங்கள், காலை 6.50

பழைய ட்ரெடில் ஐயாவின் பேனாக் கோட்டை ஏற்கிறேன். நான் கேட்ட வாசகர் அவர்தான். ஆனால் அவர் காட்டுவதும் கத்தோலிக்கரை, ஜெர்மானியரை அல்ல. வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. யூதர், நாய்த்தலையர், இவர்களுக்கு எதிரே நிற்கும் 'நாம்' ஞானஸ்நானம் பெற்றவர்கள். நியூரம்பெர்க்காரர் என்பதையும் காகித ஆலைக்காக ஏற்கிறேன், அந்தப் படத்தில் ஊர்ப் பெருமை கண்கூடு. ஜெர்மானியர் என்ற நடுப் படி மட்டும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதற்கு நான், பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் ஜெர்மானியரைப் பற்றி எழுதி, செல்டிஸ் 1500-இல் பதிப்பித்த ஜெர்மானியா நூலைத்தான் காட்டுவேன், அதில் படமே தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் என் பக்கத்திலிருந்தே எனக்கு எதிராக வைக்கிறேன். விற்காமல் கிடந்த படிகளைச் சொன்னேன். அவை விற்காததற்கு ஒரு காரணம் ஆக்ஸ்பூர்க்கில் ஜோஹான் ஷோன்ஸ்பெர்கர் அனுமதியில்லாமல் அச்சிட்ட சிறிய, மலிவான பதிப்பு. 1496-இல் ஜெர்மன், 1497-இல் லத்தீன், 1500-இல் மறுபடியும் ஜெர்மன். படங்களையும் சிறிதாக்கிச் செதுக்கிப் போட்டார். மறுபடி அடித்தார் என்றால் விற்றது என்று பொருள், அதுவும் ஜெர்மன் மொழியில். வாசகர் குறைவு என்ற என் முதல் வாதத்தை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன்.

வைகைக்கரை | திங்கள், காலை 8.15

இழையின் தலைப்பில் 'ஜெர்மானியருக்கு' என்று இருந்ததை 'நியூரம்பெர்க்காரருக்கு' என்று மாற்ற நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். ஷோன்ஸ்பெர்கரின் 1496 பதிப்பு எண்மவடிவில் கிடைக்கிறது. அதில் பேரரசர் பக்கத்தையும் ஊர்ப் படத்தையும் என்ன செய்திருக்கிறார் என்று இந்த வாரம் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுகிறேன்.

வடக்குவீதி | திங்கள், பகல் 2.30

சீமோன் பக்கத்தையும் பாருங்கள். பெயர்களைச் சிறிய கட்டையிலும் செதுக்கினார்களா என்று எனக்குச் சொல்லுங்கள்.